எரிக்காமல் வைத்த படையல்

இதை எழுதவேண்டும் என்று பேனையை எடுத்து, திரும்பவும் வைத்துவிட்ட நாட்கள் எத்தனையோ. வருடக்கணக்காகத் தயங்கினேன். நான் அதிகம் படித்தவள் அல்ல, எழுத்தில் பிழை வரும் என்ற வெட்கம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய காரணம், இந்தக் கதைக்கு உரியவர்கள் கண்டாவளைப் பக்கத்தில் இன்னும் வாழ்கிறார்கள். அவர்களுடைய மகனுக்குப் பெண் பார்க்கிற நேரத்தில் நான் எதையாவது எழுதி, அது ஊர் சுற்றி, "அது விசர்க் குடும்பமெல்லோ, பைத்தியம் பிடிச்ச ஆக்கள்" என்று ஒரு சம்பந்தம் குழம்பினால், அந்தப் பாவத்தை நான் எந்தச் சுவாமியாரிடம் போய்ச் சொல்வேன்? இப்போது மகனுக்குக் கலியாணம் முடிந்துவிட்டது. எழுதுங்கோ என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

உளநலப் பிரிவில் வீடு வீடாகப் போகிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, இது உங்களுக்கு. மாத்திரை, ஊசி, பதிவு எல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது, பயிற்சியில் சொன்ன ஒன்றும் ஞாபகத்துக்கு வராத ஒரு காலைப்பொழுதைப் பற்றி.

நான் முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். கலியாணம் செய்து கிளிநொச்சிக்கு வந்தேன். இந்த வேலையில் சேர்ந்த புதிதில் எனக்குத் தெரிந்த வைத்தியம் செபமாலையும் கொத்தமல்லித் தண்ணீரும்தான். மிச்சமெல்லாம் வேலையில் பழகியது. ஆனால் கடைசி நாள்வரைக்கும், மாதாவே கூட வாரும் என்று சொல்லாமல் ஒரு வீட்டுப் படலையையும் நான் திறந்ததில்லை.

ஒருநாள் கிளினிக் முடிகிற நேரம். காத்திருக்கிற வாங்கிலில் ஒரு பெண் தனியே இருந்தார். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. கண் இரண்டும் உள்ளே போயிருந்தது.

"உங்களுக்கு என்னம்மா செய்யுது?" என்று கேட்டேன்.

"எனக்கில்லை மிஸ். என்ர அவருக்கு."

"அவருக்கு என்ன?"

கொஞ்ச நேரம் சீலைத் தலைப்பை முறுக்கினார். பிறகு மெல்லச் சொன்னார்: "செத்திட்டாராம்."

யார் செத்தது என்று நான் கேட்டேன். "அவர்தான் மிஸ். தான் செத்திட்டன் எண்டு சொல்லுறார். செத்தவன் சாப்பிடுறேல்லை எண்டு சாப்பாட்டை விட்டிட்டார். இப்ப தண்ணியும் குறைச்சுப்போட்டார்."

அந்தப் பெண்தான் பரமேஸ். அவருடைய கணவர் தவராசா. எங்கள் டொக்டர் கேட்டவுடனே கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். மனச்சோர்வு மிகவும் ஆழமாகப் போனால் அபூர்வமாகச் சிலருக்கு இப்படி வரும் என்றார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "தண்ணியையும் விட்டால், அவர் சொல்லுறது கெதியில உண்மையாப் போயிடும். எப்பிடியாவது கூட்டிக்கொண்டு வாங்கோ."

தவராசாவைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். நெல் விதைக்கிறவர். ஊரில் ஒரு சாவு விழுந்தால் முதலில் ஆள் அனுப்புவது அவருக்குத்தான். விறகு தறிப்பது, பாடை கட்டுவது, சுடலையில் விறகு அடுக்குவது எல்லாவற்றுக்கும் அவர்தான் முன்னுக்கு நிற்பார். ஒழுங்கு தப்பினால் ஐயரோடும் சண்டை பிடிப்பார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு விதைப்புக் காலத்தில் லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினோடு வாய்க்காலுக்குள் புரண்டார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. எழும்பி நடந்து வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு கதை பேச்சு குறைந்தது. நித்திரை இல்லை. பிறகு ஒருநாள் மனைவியிடம், "அண்டைக்கு வாய்க்காலுக்க முடிஞ்சுது. வீட்டுக்கு நடந்து வந்தது ஆவி" என்று சொல்லியிருக்கிறார்.

நான் முதல் தடவை அந்த வீட்டுக்குப் போனபோது அவர் உள்வீட்டில் பாயில் கிடந்தார். தெற்கே தலை. கைகளை மார்பில் சேர்த்து வைத்திருந்தார். கால் பெருவிரல் இரண்டையும் வெள்ளைத் துணிக் கிழிசலால் ஒன்றாகக் கட்டியிருந்தார், பிரேதத்துக்குக் கட்டுகிற மாதிரியே.

"நான் அவிட்டு விடுறன் மிஸ். நான் சமைக்கக் குசினிக்குள்ள போக, திரும்பக் கட்டிப்போடுறார்" என்றார் பரமேஸ்.

தவராசா கோபக்காரர் அல்ல. மரியாதையாகக் கதைத்தார். நான் அரை மணித்தியாலம் இருந்து, ஆஸ்பத்திரிக்கு வர அவர் சம்மதிக்காமல் எழும்பி, "சரி அண்ணை, போட்டு வாறன்" என்றேன். அவர் கண்ணைத் திறக்காமலே திருத்தினார்: "செத்த வீட்டில வாறன் எண்டு சொல்லக்கூடாது தங்கச்சி."

படலையடியில் பரமேஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ், ஒண்டு கேக்கட்டே. பொட்டை அழி, அழிச்சால் ஒரு வாய் சாப்பிடுறன் எண்டுறார். சாப்பாட்டோட போய் நிண்டால் என்ர நெத்தியைத்தான் பாக்கிறார். அழிக்கட்டோ? ஒரு பொட்டுத்தானே?"

பிள்ளைகளே, இப்படிக் கேள்விகள்தான் உங்களுக்கு வரும். புத்தகத்தில் விடை இராது. ஒரு பொட்டை அழித்தால் ஒரு மனிதன் சாப்பிடுவான். சரி என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் கேட்கும்போதே அந்த அம்மாவின் மற்றக் கை பொட்டை மூடிக்கொண்டது. கணவன் உயிரோடிருக்கிறான் என்பதற்கு அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே சாட்சி அவர்தான். அவரையும் விதவையாக்கிவிட்டு நான் யாரைக் காப்பாற்றப் போகிறேன்?

"அழிக்காதேங்கோ" என்றேன்.

சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் வரும் வழியெல்லாம் பயம். இவர் இன்றைக்குச் செத்துப்போனால் அந்த ஒரு சொல்லால்தான் என்று பயம்.

அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதாகத்தான் பேச்சு. ஆனால் அவர் அசையவில்லை. தூக்கப் போனவர்களிடம், "பிரேதத்தை இழுக்காதேங்கோ" என்று கெஞ்சினாராம். அந்த நேரத்தில்தான் பரமேஸின் தமையன் செல்வத்துக்கு ஒரு யோசனை வந்தது. செல்வம் பெரிய குரல் உள்ள, நல்ல மனம் உள்ள மனிதர்.

"மச்சான் செத்த ஆள் எண்டால் செத்த ஆளாவே இருக்கட்டும். செத்த ஆளுக்குச் சாப்பாடு குடுக்கிறது எப்பிடியெண்டு எங்களுக்குத் தெரியாதே? படைப்பமடி!" என்றாராம்.

தலைவாழையிலை போட்டு, சோறு, முருங்கைக்காய்க் கறி, கத்தரிக்காய்ப் பொரியல், அவருக்குப் பிடித்த பால் தேத்தண்ணி, ஒரு சுருட்டு எல்லாம் வைத்து, சாம்பிராணி காட்டி, படையல் வைத்தால் செய்கிறபடியே கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். உள்ளே சத்தமில்லை. பிறகு இலை அசைகிற சத்தம். பிறகு கோப்பை வைக்கிற சத்தம்.

நான் பின்னேரம் போனபோது பரமேஸ் அழுதுகொண்டே சிரித்தார். "மிஸ், இலையை வழிச்சுச் சாப்பிட்டிருக்கிறார்!" செல்வம் தலைப்பாகையைக் கழற்றி விசிறிக்கொண்டு, "டொக்டருக்குச் சொல்லுங்கோ மிஸ், எங்கட மருந்து வேலை செய்யுது எண்டு" என்றார். நானும் சிரித்தேன். மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

டொக்டருக்கு ஃபோன் எடுத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சாப்பிட்டது நல்லம். ஆனா இவ்வளவு நாளும் அவர் செத்திட்டார் எண்டதுக்கு அவர் ஒருத்தர்தான் சாட்சி. இண்டைக்கு நீங்கள் எல்லாரும் சேர்ந்து சாட்சி சொல்லிப்போட்டியள். நாளைக்குக் காலமை கட்டாயம் கொண்டு வாங்கோ."

அதை அப்படியே வீட்டில் சொன்னேன். செல்வம் கேட்கவில்லை. "நாளைக்குச் செவ்வாய்க்கிழமை மிஸ். புதனுக்குக் கொண்டு போவம். சாப்பிடத் தொடங்கிட்டார்தானே."

செவ்வாய்க்கிழமை காலையில் திரும்பவும் இலை போட்டார்கள். தவராசா எழும்பி இருந்து இலையைப் பார்த்தார். பிறகு செல்வத்தைப் பார்த்தார்.

"நீ எத்தினை செத்த வீடு பாத்தனி செல்வம்? எரிக்க முந்திப் படைக்கிறதோ? முதல் சுடலை. பிறகு சாம்பல் அள்ளிக் காடாத்து. அதுக்குப் பிறகுதான் எட்டாம் நாள் எட்டுச் செலவும் படையலும். எரிக்காமல் படைச்சு என்னை நடுவில விட்டிட்டியள். நேற்றுச் சாப்பிட்டது நெஞ்சுக்க நிக்குது."

அவ்வளவுதான். கோபப்படாமல் திரும்பப் படுத்துவிட்டார். பரமேஸ் கிணற்றடிக்குப் போய் வருவதற்குள் பாய் வெறுமையாகக் கிடந்தது.

மகன் கோபி வவுனியாவில் ஓட்டோ ஓடுகிறவன், அப்பாவுக்காக லீவில் வந்து நின்றான். அவன்தான் எனக்கு ஃபோன் அடித்தான். "மிஸ், அப்பா சுடலையில. விறகுக்கு மேல படுத்திருக்கிறார். என்னைக் கொள்ளி வைக்கச் சொல்லுறார்."

அம்புலன்சுக்குச் சொன்னேன். டொக்டருக்குச் சொன்னேன். பிறகு ஸ்கூட்டியை எடுத்தேன். வயல்வெளி ரோட்டு முழுக்கக் குழி. ஒவ்வொரு குழியிலும் ஒரு அருள் நிறைந்த மரியே.

சுடலை ரோட்டோரமாகவே இருந்தது. கம்பி வேலி, பேருக்கு ஒரு கேற். ஊர் ஆண்கள் கொஞ்சப் பேர் தள்ளி நின்றார்கள். நடுவில் அவர். யாருக்கோ தறித்து வைத்திருந்த பாலைமர விறகை இழுத்து, தன் கையாலேயே ஒழுங்காக அடுக்கி, அதன்மேல் படுத்திருந்தார். பெருவிரல்கள் கட்டியிருந்தன. கோபி பக்கத்தில் நின்று விக்கி விக்கி அழுதான். அவன் கையில் ஒரு நெருப்புப் பெட்டி. தகப்பன் கொடுத்தது. இன்னொன்று தகப்பனின் கைக்குள் இருந்தது.

செல்வம் என்னிடம் ஓடி வந்தார். அந்தப் பெரிய குரல் இறங்கிப்போயிருந்தது.

"மிஸ், கோபி வைக்காட்டி தானே வைப்பன் எண்டுறார். கிட்டப் போனால் குச்சியை எடுக்கிறார். ஒரு வழி இருக்கு. மரணச் சான்றிதழ் இல்லாமல் எரிக்கேலாது, பிரேதத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் டொக்டர் பார்த்துத்தான் எழுதவேணும் எண்டு சொல்லுவம். ஒழுங்கெண்டால் வருவார். வந்து ஏறுவார்."

உண்மையில் அது நல்ல யோசனை. வந்து ஏறியிருப்பார். அம்புலன்ஸ் எங்கே வருகிறது என்று தெரியாது. அவர் விரல் நெருப்புப் பெட்டியில் இருக்கிறது. ஒரு பொய், அவ்வளவுதான்.

எனக்கு வேலை பழக்கிய தாதி அக்கா ஒருவர் இருந்தார். அவர் சொல்லுவார்: "நோயாளி சொல்லுறதைப் பொய் எண்டு சண்டை பிடியாத. அந்தப் பொய்யை நீயும் சொல்லாத. அவனுக்கு எங்க நோகுது எண்டு கேள்." நேற்று வைத்த ஒரு படையல் இன்றைக்கு அவரை விறகில் படுக்க வைத்திருக்கிறது. இன்றைக்குப் பிரேதமாக ஏற்றினால், நாளைக்கு வார்டில் சான்றிதழைக் கேட்பார். கொடுக்காவிட்டால் பிறகு எங்களில் ஒருவரையும் நம்பமாட்டார். நம்பாத மனிதனுக்கு மருந்தை எப்படிக் கொடுப்பது?

"வேண்டாம் அண்ணை" என்றேன் செல்வத்திடம். நான் சொன்னது சரியா என்று அப்போது எனக்குத் தெரியாது.

மெல்ல நடந்து போய், அவர் பார்க்கக்கூடிய இடத்தில் நின்றேன்.

"அண்ணை, நான்தான். இப்ப உங்களுக்கு என்ன பெரிய கரைச்சல்?"

"மணக்குது" என்றார்.

"என்ன மணக்குது?"

"என்ர உடம்பு. அழுகின மணம். அந்த மணத்துக்க இருந்துதான் அவளும் பெடியனும் சாப்பிடுகினம், படுக்கினம். பிரேதத்தை இவ்வளவு நாள் வீட்டில வைச்சிருக்கிறதோ? சொல்லு தங்கச்சி, நியாயமோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த மனிதன் சாக ஆசைப்பட்டு வந்து படுக்கவில்லை. வீட்டுக்காரருக்குத் தன்னால் தீட்டும் நாற்றமும் என்று நினைத்து, அவர்களை விடுவிக்க வந்து படுத்திருக்கிறார். "எனக்கு அந்த மணம் தெரியேல்லை அண்ணை. உங்களுக்கு மணக்குது எண்டதை நம்புறன்" என்றேன். அவர் குச்சிப் பெட்டியைத் திறந்தார். கோபி, "அப்பா, வேண்டாம் அப்பா" என்று நிலத்தில் இருந்துவிட்டான்.

நான் திரும்பிப் பரமேஸைத் தேடினேன். அவர் கேற்றுக்கு வெளியே, ரோட்டில், வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோபம் வந்தது.

"ஏனம்மா அங்க நிக்கிறியள்? உள்ளுக்கு வாங்கோ!" என்று கத்தினேன்.

செல்வம் பதறிப்போய், "மிஸ், எங்கட ஆக்களில பொம்பிளையள் சுடலைக்க வாறேல்லை" என்றார்.

எங்கள் கல்லறைத் தோட்டமான சேமக்காலைக்கு நாங்கள் பெண்கள்தான் பூவும் மெழுகுதிரியும் கொண்டு முன்னுக்குப் போவோம். எனக்கு இது தெரியாது. ஆனால் பரமேஸின் முகத்தில் ஏதோ மாறியது. கேற்றைப் பார்த்தார். விறகைப் பார்த்தார். பிறகு சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்தார். செல்வம் கையை நீட்டி மறித்தார். கையைத் தட்டிவிட்டு வந்தார்.

காலடிச் சத்தம் கேட்டுத் தவராசா தலையைத் திருப்பினார்.

"ஆரது?"

"நான்தான்."

"உனக்கென்ன விசரே?" அந்த மனிதரிடம் அப்படி ஒரு குரல் இருந்ததே எனக்குத் தெரியாது. "பொம்பிளை சுடலைக்க வாறதோ? போ வெளிய!"

"போகமாட்டன்."

"சனம் பாக்குதடி. என்ன சொல்லுவினம்?"

"பாக்கட்டும். உங்களைப் பத்திச் சொல்லுறதோட இதையும் சேர்த்துச் சொல்லட்டும்."

"இந்த மிஸ் வேதக்காரி, அவாவுக்குத் தெரியாது. உனக்குத் தெரியாதோ? பொம்பிளை நிக்கேக்க கொள்ளி வைக்கேலாது!"

"தெரியும். உங்களிட்டத்தான் படிச்சனான்" என்றார் பரமேஸ். "அதுதான் வந்தனான். நான் இஞ்ச நிக்குமட்டும் ஒருத்தரும் வைக்கேலாது. நீங்களும் வைக்கேலாது."

"கோபி! அம்மாவைக் கூட்டிக்கொண்டு போடா!"

கோபி அசையவில்லை. பரமேஸ் விறகுக்குப் பக்கத்தில், பழைய சாம்பல் கிடந்த மண்ணில் அப்படியே சப்பணம் கட்டி இருந்துவிட்டார்.

"அந்த மண்ணில இருக்காத! எழும்பு! பரமேஸ், அதில இருக்காத எண்டுறன்!"

அவர் இருந்தார்.

தவராசா முழங்கையை ஊன்றினார். எழும்பப் பார்த்தார். கால் கட்டியிருந்தது. குச்சிப் பெட்டியை விறகில் வைத்துவிட்டு, குனிந்து, தன் கையாலேயே பெருவிரல் கட்டை அவிழ்த்தார். அவசரத்தில் முடிச்சு இறுகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். செல்வம் மெல்லப் போய்ப் பெட்டியை எடுத்து மடியில் செருகினார். தவராசா இறங்கி, தள்ளாடி வந்து, மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, பேசிக்கொண்டே கேற் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். "விசரி, விசரி" என்று பேசினபடியே அவருடைய சீலையில் ஒட்டியிருந்த சாம்பலைத் தட்டிவிட்டார்.

ரோட்டுக்கு வந்ததும் பரமேஸின் தலை சாய்ந்தது. தவராசா விடவில்லை, தாங்கிப் பிடித்தார். எனக்கு அப்போது ஒரு உண்மைதான் கையில் இருந்தது.

"அண்ணை, நீங்கள் சாப்பிடாத நாளெல்லாம் அவாவும் சாப்பிடேல்லை. அவாவை டொக்டரிட்டக் காட்டவேணும். தனிய விடுவியளோ?"

அம்புலன்ஸ் வந்தது. இறங்கின தம்பி, "ஆர் நோயாளி?" என்று கேட்டார். தவராசா மனைவியைக் காட்டினார். பரமேஸ் கணவனைக் காட்டினார். "ரெண்டு பேரும்" என்றேன். அதில் பொய் இல்லை.

இதற்குப் பிறகு படத்தில் வருகிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. வார்டிலும் கன நாள் தான் செத்தவன் என்றுதான் இருந்தார். முதலில் சேலைன், பிறகு மாத்திரை, பிறகு மின்சிகிச்சை. கரண்ட் பிடித்து எரிக்கப் போகிறார்கள் என்று சொந்தக்காரர் வந்து சத்தம் போட்டார்கள். டொக்டர் ஒவ்வொருவரையும் இருத்தி விளங்கப்படுத்தினார். மாதக்கணக்கில்தான் சுகம் வந்தது. ஒருமுறை சுகம்தானே என்று மருந்தை நிறுத்தி, திரும்பவும் மணக்குது என்றார். அந்த முறை பரமேஸ் நாள் பார்க்கவில்லை, கிழமை பார்க்கவில்லை. அன்றைக்கே கூட்டி வந்துவிட்டார்.

கதை மட்டும் ஊரில் வேறு மாதிரி வளர்ந்தது. வேதக்கார மிஸ் ஒருவர் சுடலையில் செபம் சொல்லிச் செத்தவனை எழுப்பினாராம். அதுகூடப் பரவாயில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் முள்ளியவளைப் பக்கம் ஒரு வீட்டில், சாப்பாட்டை விட்ட ஒரு பிள்ளைக்கு, கண்டாவளையில் படையல் வைத்துச் சுகமானதாம் என்று இலை போட்டுக் கதவைச் சாத்திக் காத்திருந்திருக்கிறார்கள். எங்களிடம் கொண்டு வரும்போது பிள்ளை எலும்பும் தோலும். கர்த்தர் காப்பாற்றினார். அதைக் கேட்டபிறகுதான், எழுதாமல் இருப்பதுதான் பாவம் என்று பட்டது.

அனுமதி கேட்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். பரமேஸ் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்துவிட்டு, "சுடலைக்க போனதை எழுதவேணுமே மிஸ்? சம்பந்தி வீட்டுக்காரரும் வாசிப்பினம்" என்று இழுத்தார். தவராசா கதிரையில் இருந்து யோசித்தார். உடம்பு தேறியிருந்தது. மீசை நரைத்திருந்தது.

"எழுதுங்கோ தங்கச்சி" என்றார். "ஆனா ஒண்டு. நான் இவாவை விசரி எண்டு பேசினதையும் எழுதவேணும். படிச்ச ஆக்கள், மரியாதை எண்டு அதை எடுத்துப்போடுவினம்."

"அது ஏனப்பா?" என்றார் பரமேஸ்.

தவராசா மனைவியைப் பார்க்காமல் என்னிடமே காரணத்தைச் சொன்னார்.

ஆகவே பிள்ளைகளே, இதை உங்களுக்குப் பிறகு வருகிறவர்களுக்கும் சொல்லுங்கள். என்னைப் பெரிதாக்காதீர்கள், பரமேஸ் ஏன் ரோட்டில் நிற்கிறார் என்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. படையலை மருந்தாக்காதீர்கள். மருந்தையும் மாதக்கணக்கையும் சுருக்காதீர்கள். ஒரு பெண் வந்து சாம்பலில் இருந்ததையும், அவர் அவளைப் பேசினதையும் அப்படியே சொல்லுங்கள். ஏனென்றால் அன்றைக்கு அந்த வீட்டில் தவராசா என்னிடம் சொன்னது இதுதான்:

"உனக்கென்ன விசரே எண்டு இவ்வளவு நாளும் எல்லாரும் என்னைக் கேட்டவை. அண்டைக்கு நான் இவாவைக் கேட்டன். அதை எடுத்திட்டால், நான் இன்னும் அந்த விறகிலதான் கிடப்பன்."